வண்டி மை முதல் செம்பனை வரை: உராய்வை அளவில் நிறுத்திய வரலாறு

ஜொகூர் மாநிலத்துச் செனாய்ப் பட்டணத்தில் காலையில் மோட்டார் சைக்கிள் பட்டறை திறந்ததும் எண்ணெய் மாற்ற வந்து நிற்பவை பெரும்பாலும் ‘கப்சாய்’ வண்டிகளே. தோட்ட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் செல்கின்ற எளிய மக்களுக்குக் கால் போன்றது அவ்வண்டி. இவ்வாறு வருபவருள் சிலர், விலை கூடிய மோட்டார்க் கார் எண்ணெய் ஒரு டின் வாங்கி, “காருக்கே நல்லதென்றால் இதற்கு இன்னும் நல்லதுதானே?” என்று ஊற்றச் சொல்வதுண்டு. சில நாள் சென்றபின் அந்த வண்டி மேட்டில் ஏறத் திணறுகிறது. எஞ்சின் இரைகிறது, சக்கரமோ அதற்கேற்ற வேகத்தில் சுழல்வதில்லை. கிளட்ச் வழுக்குகிறது. நல்ல எண்ணெய் எப்படிக் கெடுதல் செய்தது?

இக்கேள்விக்கு விடை எண்ணெயின் விலையிலும் இல்லை, கனத்திலும் இல்லை. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே கலந்திருக்கும் ஒரு சேர்மானத்தில் இருக்கிறது. உராய்வு சீராக்கி என்று அதனைக் கூறலாம். அச்சேர்மானத்தின் வரலாறு மாட்டு வண்டியின் இருசில் தொடங்கி, புகைவண்டி, ஆகாய விமானம், திமிங்கில வேட்டை ஆகிய பலவற்றையும் தொட்டுச் சென்று, கடைசியில் செனாயைச் சூழ்ந்து நிற்கும் செம்பனைத் தோட்டங்களிலேயே வந்து சேர்கிறது.

வண்டிக்காரர் கண்ட உண்மை

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மாட்டு வண்டி வைத்திருந்தோர் அனைவரும் வண்டி மை செய்யத் தெரிந்தவர்கள். வைக்கோலைக் கரியாக்கிப் பொடித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வைத்துக்கொள்வர். தொலைவழி செல்லுமுன் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, இருசின்மேல் மையைத் தடவுவர். இல்லையேல் குடம் கிறீச்சிடும், சூடேறும், மாட்டின் பாடு இரு மடங்காகும். ‘மசகு’ என்னும் சொல் இம்மைக்கு வழங்கியதே. இன்று இயந்திரங்களுக்கு ஊற்றும் எண்ணெய்க்கும் மசகெண்ணெய் என்ற பெயர் அதிலிருந்தே வந்தது.

இங்கே ஒன்றை நோக்க வேண்டும். வேறு எண்ணெய்கள் இருக்க, விளக்கெண்ணெயை ஏன் தேர்ந்தனர்? அது கனமானது என்பது ஒரு காரணம். கரித்தூள் அதனை ஒழுகிப் போகாமல் பிடித்து வைத்தது. ஆனால் கனம் மட்டுமே காரணமன்று என்பது பின்னர் மேல்நாட்டு ஆராய்ச்சியால் புலனாயிற்று. ஆமணக்கின் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ரிசினோலிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் கட்டுண்டு கிடக்கிறது. அது உலோகத்தை விட்டு எளிதில் அகலாது ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. வண்டிக்காரர் இதன் பெயரை அறியார், பயனை அறிவார்.

செம்பனை எண்ணெயும் இப்பணிக்குப் புதியதன்று. இங்கிலாந்தில் 1830-இல் திறக்கப்பட்ட லிவர்பூல் – மான்செஸ்டர் இருப்புப்பாதையின் செயலாளராக இருந்த ஹென்றி பூத் என்பவர், 1835-இல் அச்சு மசகு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பனை எண்ணெய், மாட்டுக் கொழுப்பு, சோடா உப்பு, நீர் ஆகியவற்றின் கலவை அது. ஜொகூர் அரசின் இருப்புப்பாதை நிறைவேறிய ஆண்டு 1909. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, பிற்காலத்தில் அப்பாதையின் இருமருங்கும் வளரவிருந்த மரத்தின் எண்ணெய், புகைவண்டிச் சக்கரங்களுக்கு மசகாகியிருந்தது.

கனிம எண்ணெய் வந்தது, ஐயமும் வந்தது

1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எட்வின் டிரேக் என்பவர் தோண்டிய கிணற்றில் கனிம எண்ணெய் கிடைத்தது. மண்ணெண்ணெய் வடித்தபின் எஞ்சிய கனமான பகுதி இயந்திரங்களுக்கு மசகாயிற்று. விலை மலிவு; தாவர எண்ணெய்களைப் போலச் சீக்கிரம் சிக்குப் பிடித்துக் கோந்தாகாது; எத்தனை பீப்பாய் வேண்டுமாயினும் கிடைத்தது. ஆலைகள் அதனை ஆவலுடன் வரவேற்றன.

இந்நிலையில் 1883-இல் பொச்சாம்ப் டவர் என்னும் ஆங்கிலப் பொறியியலார், புகைவண்டி அச்சுகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும், உள்ளே செல்ல வேண்டிய எண்ணெய் அத்துளை வழியே மேலே பொங்கி வழிந்தது! தக்கையால் அடைத்தார்; தக்கை வெளியேறிற்று. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்துச் சென்று, அழுத்தம் மிக்க படலமாக்கி, அதன்மேல் மிதந்துகொண்டிருந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது. 1886-இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். ஆப்பு வடிவான இடுக்கில் இழுபடும் எண்ணெய் உலோகத்தை உலோகத்தினின்று பிரித்துத் தூக்குகிறது. அந்நிலையில் எண்ணெயின் கனமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்பது அவர் கூற்று.

அது உண்மையாயின், ஒரே கனமுள்ள விளக்கெண்ணெயும் கனிம எண்ணெயும் ஒரே பயனைத் தரவேண்டும். பட்டறைத் தொழிலாளர் இதனை ஒப்பவில்லை. “கனிம எண்ணெய் ஓட்டத்தில் நல்லது, புறப்படும்போதும் நிற்கும்போதும் பிடித்துக்கொள்கிறது” என்பது அவர்களது அநுபவம். அதனால் கனிம எண்ணெயில் பன்றிக் கொழுப்போ கடுகின வித்துகளின் எண்ணெயோ நூற்றுக்குப் பத்து இருபது பங்கு கலந்து ஊற்றி வந்தனர். கனத்துக்கு அப்பாற்பட்ட அந்தக் குணத்தைப் பொறியியலார் ‘எண்ணெய்த் தன்மை’ என்று பொதுவாகப் பெயரிட்டு அழைத்தனர். பெயர் வைத்தார்களே தவிர அது யாது என்று அவர்களால் சொல்ல இயலவில்லை.

ஜெர்மனியில் ஸ்ட்ரிபெக் என்பவர் 1902-இல் வெளியிட்ட சோதனைகள் அவ்விரு கூற்றும் எங்கே பொருந்தும் என்பதைத் தெளிவாக்கின. வேகம் மிகுந்தால் எண்ணெய்ப் படலம் தடித்து, உலோகங்கள் பிரிந்து நிற்கின்றன. அங்கே ரேனால்ட்ஸ் சொன்னது சரி. வேகம் குறையக் குறையப் படலம் மெலிந்து, உலோகத்தின் மேடுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அங்கே தொழிலாளர் சொன்னது சரி. ஒவ்வோர் இயந்திரமும் புறப்படும்போதும் நிற்கும்போதும் இந்த இரண்டாம் நிலையைக் கடந்தே தீரவேண்டும்.

விளக்கெண்ணெய் விண்ணில் பறந்தது

சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் 1899-இல் இலண்டனில் தொடங்கிய எண்ணெய் வாணிபம், மோட்டார் எஞ்சின்களுக்கென விளக்கெண்ணெய் கலந்த மசகு ஒன்றை 1909-இல் ‘காஸ்ட்ரால்’ என்ற பெயரால் வெளியிட்டது. விளக்கெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘காஸ்டர்’ என்ற பெயரே அதற்கு அடியாயிற்று. முதல் உலகப் போரின்போது, எஞ்சின் முழுவதும் விசிறியுடன் சேர்ந்தே சுழலும் வகை விமானங்கள் பறந்தன. அவற்றில் பெட்ரோலும் மசகும் ஒரே அறை வழியே சென்றன. கனிம எண்ணெய் பெட்ரோலில் கரைந்துவிடும். விளக்கெண்ணெய் எளிதில் கரையாது. ஆகவே அவ்விமானங்கள் விளக்கெண்ணெயை நம்பியே பறந்தன. வெளியேறிய எண்ணெய்த் துளிகள் விமானியின் முகத்திலும் மூக்கிலும் படிய, அவர்களுக்கு வயிற்றுப் போக்கு உண்டாயிற்று என்றும் கூறுவர். பாட்டிமார் கைப்பக்குவத்தை அறிந்த தமிழ்க் குழந்தைகளுக்கு இது வியப்பன்று!

ஒரு துளியின் ஆற்றல்

‘எண்ணெய்த் தன்மை’யின் முடிச்சை அவிழ்த்தோர் வெல்ஸ், சவுத்கோம் என்னும் இரு ஆங்கிலேயர். கலப்பு எண்ணெயில் வேலை செய்வது கொழுப்பு முழுவதுமன்று, அதிலே பிரிந்து நிற்கும் சிறிதளவு கொழுப்பமிலமே என்று அவர்கள் கண்டனர். அக்கொழுப்பமிலத்தை நேரே கனிம எண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு சேர்த்தபோது, பத்து இருபது பங்கு கொழுப்புச் செய்த வேலையை அது செய்தது. 1918-இல் இம்முறைக்குக் காப்புரிமை நாடிய அவர்கள், 1920-இல் கட்டுரையாகவும் வெளியிட்டனர். ‘ஜெர்ம் முறை’ என்று அது பெயர் பெற்றது. இன்றைய உராய்வு சீராக்கிகளின் முன்னோடி இதுவே.

இத்துணைச் சிறு அளவு எப்படி இத்துணைப் பெரும் பயன் தருகிறது? இதற்கு ஒரு பழைய குளத்தங்கரைச் சோதனை விடை சொல்லும். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், இலண்டனை அடுத்த கிளாப்பம் என்னுமிடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை விட்டார். அது விரைந்து பரவி அரை ஏக்கர் நீரைக் கண்ணாடி போல் அமைதியாக்கியதாக 1774-இல் வெளியான கட்டுரையில் எழுதினார். கணக்கிட்டுப் பார்த்தால் அப்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் நாலு லட்சத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ ஒரு மூலக்கூற்றின் நீளம் அது. மெல்லிய படலத்துக்கு எண்ணெய் மிகுதியாக வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்.

1917-இல் அமெரிக்கரான லாங்மியூர், நீர்மேல் பரவும் கொழுப்பமிலம் ஒழுங்கற்றுக் கிடப்பதில்லை, வயலில் நட்ட நாற்றுப்போல் வரிசையாக நிமிர்ந்து நிற்கிறது என்பதைக் காட்டினார். கொழுப்பமில மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை நீரையும் உலோகத்தையும் பற்றும். வால் அவற்றை விலக்கி எண்ணெயோடு சேரும். சவர்க்காரம் அழுக்கை நீக்குவதும் இந்த இரட்டைக் குணத்தாலேயே.

கேம்பிரிட்ஜில் ஹார்டி என்னும் உயிரியல் அறிஞர், ஐடா டபுள்டே என்னும் பெண் ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து இதனை உராய்வுக்குப் பொருத்திப் பார்த்தார். 1922-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு தெளிவானது. மூலக்கூற்றின் வால் ஒவ்வொரு கரி அணுவால் நீளுந்தோறும் உராய்வு ஒரு குறிப்பிட்ட அளவு குறைந்துகொண்டே வருகிறது! உலோகத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் இம்மெல்லிய வேலியால் உண்டாகும் மசகை ‘எல்லை மசகு’ என்று அவர்கள் அழைத்தனர். இரு உலோகங்களும் இப்போது ஒன்றையொன்று தொடுவதில்லை. வால்நுனியும் வால்நுனியுமே உரசிச் செல்கின்றன. இரு பாய்களை முகத்தோடு முகம் வைத்து இழுப்பது போன்றது அது.

பௌடன், டேபர் என்னும் இருவர் பல ஆண்டு ஆராய்ந்து 1950-இல் வெளியிட்ட நூல், மேலும் ஓர் உண்மையை நிலைநாட்டியது. பளபளவென்று மினுக்கிய இரும்பும் நுண்ணோக்கில் மலைத்தொடரே. இரு பரப்புகள் படியும்போது சில முகடுகளே முட்டுகின்றன. அங்கே உலோகம் உலோகத்தோடு ஒட்டி, நகரும்போது பிய்கிறது. கொழுப்பமிலம் இரும்பு, செம்பு போன்றவற்றோடு சேர்ந்து உலோகச் சவர்க்காரமாகவே மாறி அம்முகடுகளைப் போர்த்துகிறது. பிளாட்டினம், வெள்ளி போன்ற வினைபுரியாத உலோகங்களில் அது அவ்வளவாகப் பயன்படவில்லை. சூடு ஓர் அளவைக் கடந்தாலும் போர்வை குலைந்துவிடுகிறது. ஆகவே மிகுந்த சூட்டைத் தாங்க வேறு சேர்மானங்களைத் தேட வேண்டியதாயிற்று. மாலிப்டினமும் கந்தகமும் கொண்ட சேர்மங்கள் அவ்வாறு வந்தவை. அவை எண்ணெயில் கரைந்து கிடந்து, உரசும் இடத்தின் சூட்டிலேயே சிதைந்து, சீட்டுக்கட்டுப்போல் ஒன்றின்மேலொன்று வழுகும் தகடுகளை உலோகத்தில் உண்டாக்குகின்றன.

குறைவு போதாது, சீரும் வேண்டும்

உராய்வைக் குறைப்பது மட்டுமே நோக்கமாயின் வரலாறு இங்கே முடிந்திருக்கும். ஆனால் உராய்வு பகையும் ஆகும், துணையும் ஆகும். அது இல்லையேல் நடக்கவும் இயலாது, வண்டியை நிறுத்தவும் இயலாது.

பிரெஞ்சு இராணுவப் பொறியியலார் கூலோம், 1781-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசைப் பெற்ற தமது ஆராய்ச்சியில் ஒன்றைக் குறித்தார். நின்ற பொருளை நகர்த்தும்போது எதிர்க்கும் உராய்வு, நகரும் பொருளை எதிர்க்கும் உராய்வினின்று வேறானது. பெரும்பாலும் அதனினும் மிகுதியானது. கனத்த பெட்டியை இழுத்தவர் அனைவரும் இதனை அறிவர். முதல் அசைவுக்கே முழுப்பலம் வேண்டும், அசைந்தபின் எளிதாகும். இவ்விரண்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வால், மெல்ல நகரும் பொருள் சில வேளை ஒட்டும், உடனே நழுவும், மீண்டும் ஒட்டும். கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டி கிறீச்சிடுவதும், உலர்ந்த கதவுக் கீல் முனகுவதும் இதனாலேயே. பிடில் வில்லில் அதே செயல் இசையாகிறது. மோட்டார் வண்டியின் கிளட்சில் அதுவே அதிர்ச்சியாகிறது.

கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் மோட்டார்க் கார்கள் வந்தபோது இச்சிக்கல் முன்னே வந்து நின்றது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-இல் ‘ஹைட்ரா மாட்டிக்’ என்னும் அத்தகைய கியர்ப்பெட்டியை அறிமுகப்படுத்தியது. அதில் எண்ணெயில் நனைந்த தட்டுகள் ஒன்றையொன்று பற்றி விசையைக் கடத்துகின்றன. உராய்வு மிகக் குறைந்தால் தட்டு வழுக்கும், தேயும், கருகும். தட்டுகள் பற்றி முடியும் கடைசிக் கணத்தில் உராய்வு திடீரென ஏறினால் வண்டி உலுக்கும். ஆகவே அங்கே வேண்டியது, வேகம் குறையும்போதும் மேலே துள்ளாமல் ஒரு சீராக இருக்கும் உராய்வு. நிமிர்ந்து நிற்கும் மூலக்கூற்று வேலி இதற்கும் உதவியது. மெதுவான அசைவில்தான் அவ்வேலி நன்றாகக் காவல் செய்கிறது. ஆதலால் நிலை உராய்வைத் தாழ்த்தி, ஓட்ட உராய்வோடு ஒட்ட வைக்கிறது.

இதில் இரு கொள்கைகள் போட்டியிட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் உராய்வு சீராக்கி சேர்த்த எண்ணெயை விரும்பியது. போர்டு நிறுவனம் 1960-களில் தன் கியர்ப்பெட்டிகளுக்கு அச்சேர்மானம் இல்லாத, இறுகப் பற்றும் எண்ணெயை வகுத்தது. ஒன்றின் எண்ணெயை மற்றொன்றில் ஊற்றினால் குணம் மாறும். ‘நல்ல எண்ணெய்’ என்று பொதுவாக ஒன்று இல்லை. இன்ன இயந்திரத்துக்கு நல்ல எண்ணெய் என்றே உண்டு என்பது அப்போதே வெளிப்பட்ட பாடம்.

திமிங்கிலம் கொடுத்த விலை

ஜெனரல் மோட்டார்ஸ் கியர்ப்பெட்டி எண்ணெயில் சீராக்கியாகப் பயன்பட்டது எது தெரியுமா? ஸ்பெர்ம் என்னும் மாபெரும் திமிங்கிலத்தின் எண்ணெய். அது பிற விலங்குக் கொழுப்பைப் போன்றதன்று, நீர்மமான மெழுகு. குளிரில் உறையாது, சூட்டில் எளிதில் கெடாது, கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் உலோகத்தை உறுதியாகப் பற்றும். விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வந்தபின் திமிங்கிலங்களுக்கு விடுதலை கிடைத்தது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் மோட்டார் வண்டிகளின் கிளட்சுகளுக்காகவும் அவை மாண்டன.

1970-இல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. 1971-ஆம் ஆண்டு இறுதியோடு அதன் எண்ணெய் அமெரிக்காவுக்குள் வருவது நின்றது. இரசாயன அறிஞர்கள் அவசரமாக மாற்றுத் தேடினர். அரிசோனா, மெக்சிகோ பாலைநிலத்தில் வளரும் ஹொஹோபா என்னும் செடியின் வித்து எண்ணெய் அத்திமிங்கில எண்ணெயை ஒத்த மெழுகு என்பதால் அதன்மேல் பலர் நாட்டம் வைத்தனர். கந்தகமேற்றிய பிற கொழுப்புகளும், தொழிற்சாலையிலே ஆக்கப்பட்ட எஸ்டர்களும் இடத்தை நிரப்பின. ஒரு சட்டம் ஓர் உயிரினத்துக்குப் புகலிடம் தந்ததோடு, ஓர் அறிவுத் துறையையும் முன்னே தள்ளியது.

1973-இல் எழுந்த பெட்ரோல் நெருக்கடி மற்றொரு தூண்டுதல். அதற்குமுன் 1966-இலேயே பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கை, உராய்வையும் தேய்வையும் முறையாக ஆராய்ந்து நடந்தால் அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் 51.5 கோடி பவுன் மிஞ்சும் என்று கணித்திருந்தது. பெட்ரோல் விலை ஏறியதும் அக்கணக்கு எல்லார்க்கும் உறைத்தது. எஞ்சினின் உராய்வைக் குறைத்துப் பெட்ரோலை மிச்சப்படுத்தும் சேர்மானங்கள் சாதாரணக் கார் எண்ணெயிலும் இடம்பெற்றன. 2017-இல் பின்லாந்து, அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட கணிப்பின்படி, உலகம் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு 23 பங்கு உராய்வினாலும் தேய்வினாலும் ஏற்படுகிறது.

செம்பனையின் பங்கு

திமிங்கிலத்தின் இடத்துக்கும் கனிம எண்ணெயின் குறைக்கும் உதவ வந்தவற்றுள் ஒன்று கிளிசரால் மோனோ ஒலியேட். பெயர் நீளமாயினும் பொருள் எளியது. தாவர எண்ணெய் எதிலும் ஒரு கிளிசரின் மூலக்கூறு மூன்று கைகளால் மூன்று கொழுப்பமிலங்களைப் பிடித்திருக்கும். அழுத்தமிக்க நீராவியால் அப்பிடியைப் பிரிக்கலாம். கொழுப்பமிலங்கள் தனியாகும், கிளிசரின் தனியாகும். பின்னர் ஒலியிக் அமிலம் ஒன்றை மட்டும் கிளிசரினின் ஒரு கையில் மீண்டும் கொடுத்தால், மற்ற இரு கைகளும் வெறுமையாக நிற்கும். அவ்விரு கைகளும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். அமிலத்தின் நீண்ட வால் நிமிர்ந்து நிற்கும். ஹார்டி கண்ட வேலி ஆயத்தம்! எண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கோ அதனினும் குறைவோ போதும்.

இதற்கு வேண்டிய ஒலியிக் அமிலம் செம்பனை எண்ணெயில் நூற்றுக்கு 40 பங்களவு இருக்கிறது. ஒலிவம், சூரியகாந்தி, மாட்டுக் கொழுப்பு முதலியனவும் இதனைத் தருவனவே. எனினும் மலேசியாவின் கைக்கெட்டிய மூலம் செம்பனைதான். 1848-இல் சாவகத்தின் போகோர் பூங்காவில் நட்ட நான்கு கன்றுகளின் வழி வந்த மரம் அது. மலாயாவில் 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் வாணிப நோக்கில் அதனைப் பயிரிட்டார். செனாயை அடுத்த கூலாய் வட்டாரத்தில் 1961-இல் தொடங்கிய தாயிப் அண்டாக் குடியேற்றமே பெல்டா அமைப்பின் முதல் செம்பனைத் திட்டம். இரப்பர் நின்ற நிலங்கள் பல அதன்பின் செம்பனைக்கு மாறின. பால் வெட்டிய கைகள் குலை அறுக்கப் பழகின.

முன்னாளில் கச்சா எண்ணெயாகவே கப்பலேறிய பொருள், 1980 அளவிலிருந்து மலேசியாவிலேயே கொழுப்பமிலமாகவும் கிளிசரினாகவும் பிரிக்கப்படலாயிற்று. 1979-இல் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 2000-இல் அது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தில் இணைந்தது. ஜொகூரின் பாசிர் கூடாங் துறைமுகத்தைச் சுற்றிச் சுத்திகரிப்பு ஆலைகளும் கொழுப்பமில ஆலைகளும் எழுந்தன.

கப்சாய் கற்பிக்கும் பாடம்

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை எளிது. மோட்டார்க் காரின் கிளட்ச் எஞ்சின் எண்ணெயில் நனைவதில்லை. ஆதலால் கார் எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் சேர்மானத்தை வேண்டியமட்டும் கலக்கலாம், பெட்ரோல் மிச்சமாகும். கப்சாயிலோ எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. எஞ்சினுக்கு நன்மை செய்யும் சேர்மானம் கிளட்ச்த் தட்டிலும் படிந்து அதன் பிடியைத் தளர்த்துகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்தும் கார் எண்ணெய்கள் பெருகியபோது இத்தொல்லையும் பெருகவே, ஜப்பானிய மோட்டார்த் தர அமைப்பு 1998-இல் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கென உராய்வு அளவை வகுத்தது. நனைந்த கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு உரியது ‘ஜாசோ எம்.ஏ.’, உராய்வு குறைந்தது ‘ஜாசோ எம்.பி.’. கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு இரண்டாவது ஏற்றது. டின்னின் பின்புறத்தில் சிறு பெட்டிக்குள் அச்சிட்டிருக்கும் அவ்வெழுத்துகளைப் பார்த்து வாங்குபவருக்குக் கிளட்ச்த் தட்டு மாற்றும் செலவு மிஞ்சும். நாட்கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு அது சிறிய தொகையன்று.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. உராய்வு சீராக்கியின் வரலாறு முழுவதும் அப்பழமொழியின் விரிவுரையே. சிறிது சேர்த்தால் காவல். இடமறியாது சேர்த்தால் கேடு.

இவ்வரலாற்றில் மற்றொன்றும் எண்ணத் தக்கது. விளக்கெண்ணெயின் அருமையை வண்டிக்காரர் அறிந்திருந்தார். கலப்பு எண்ணெயின் நன்மையைப் பட்டறைத் தொழிலாளர் அறிந்திருந்தார். கற்றோர் அதனை நம்ப அரை நூற்றாண்டு ஆயிற்று. நம்பி ஆராய்ந்தபின் அதன் பயன் பன்மடங்காயிற்று. கைப்பழக்கமும் நூலறிவும் ஒன்றையொன்று புறக்கணித்த காலம் வீணானது; சேர்ந்த காலமே விளைந்தது.

செம்பனைக் குலையைத் தோளில் சுமந்தோரின் பிள்ளைகள் இன்று செனாய், கூலாய்ப் பள்ளிகளில் இரசாயனம் படிக்கின்றனர். பெற்றோர் அறுத்த குலையின் எண்ணெயிலிருந்து பிரிந்த ஒரு துளி, எங்கோ ஓர் எஞ்சினுக்குள் நாற்றுப்போல் வரிசையாக நின்று இரும்பைக் காக்கிறது என்பதை அவர்கள் அறிய வேண்டும். குலை அறுப்போரின் கூலிக்கும் அத்துளியின் விலைக்கும் இடையே நிற்பது அறிவு ஒன்றே. அதனை ஈட்டித் தருவது பள்ளி. ஈட்டும் உரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு.